சவரக்கத்தியும் ஒரு கேடுகெட்ட எண்ணமும்

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் இறகு என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தி கன்னத்தில் இறங்குவதே தெரியாது, இறகால் வருடுவது போல இருக்கும் என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லப்போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரே கண்ணாடி, வெந்நீர்ப் பாத்திரம், படிகாரக் கட்டி, மூலையில் ஒரு ரேடியோ. அதுதான் அவருடைய சலூன். பக்கத்துக் கடை என்னுடையது. நான் மூக்குக் கண்ணாடி விற்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் கைக்குட்டையைத் தேடுவேன். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி காதால் கேட்டது. மீதி, பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது.

இறகு நல்லவர். இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அளவுக்கு மீறி நல்லவர்களாக இருப்பவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தவன் எதை உளறினாலும் "அப்படிங்களா" என்று கேட்டுக்கொள்வார். தொட்டியில் எறும்பு இருந்தால் ஊதித் தள்ளிவிட்டுத்தான் தண்ணீர் திறப்பார். அவருடைய மனைவி ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிற வேலை பார்த்தார். கணவருக்கும் சேர்த்து வாய் அவருக்கு. ஒரே மகள், பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

தினமும் காலையில் சவரத்துக்கு வருகிறவர்களில் ஓய்வு பெற்ற நீதிமன்ற குமாஸ்தா ஒருவர் உண்டு. நுரை போட்டதுமே தூங்கிவிடுவார். ஒருநாள் அவர் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, கழுத்தை முழுசாகக் காட்டிக்கொண்டு குறட்டை விட்டார். இறகு தாடைக்குக் கீழே கத்தியை வைத்தார். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: இப்படியே ஒரு இழு இழுத்துவிட்டால்?

அவ்வளவுதான். கோபம் இல்லை, பகை இல்லை, காரணமும் இல்லை. தெருவில் போகிற நாய் திறந்த கதவுக்குள் எட்டிப் பார்ப்பது போல எட்டிப் பார்த்தது.

இந்த மாதிரி எண்ணம் யாருக்குத்தான் வராது? மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து நின்றால் குதித்தால் என்ன என்று தோன்றும். கைக்குழந்தையை வாங்கினால் நழுவவிட்டால் என்ன என்று தோன்றும். சில வாடிக்கையாளர்களைப் பார்த்ததும் எனக்குத் தோன்றுவதைச் சொன்னால் என் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். நாமெல்லாம் தடித்த தோல்காரர்கள். ஈயை ஓட்டுவது போல ஓட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இறகுக்கு அது முடியவில்லை. 'எனக்கு எப்படி இப்படித் தோன்றலாம்? தோன்றியது என்றால் உள்ளுக்குள் நான் யார்?' என்று அந்த நாயை உள்ளே அழைத்து, பாய் விரித்து, விசாரணை வைத்தார். விசாரணை முடியவேயில்லை.

முதலில் அவர் செய்தது சின்ன விஷயம். சவரம் முடிந்ததும் வாடிக்கையாளரின் கழுத்தைத் துண்டால் ஒற்றிப் பார்ப்பார். ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி. பிறகு ஒரு தடவை போதவில்லை. "எங்கயாச்சும் எரியுதுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு வாடிக்கையாளர் படியிறங்கிப் போனபின் கத்தியோடு வாசலுக்கு வந்து அவர் கழுத்தை எட்டிப் பார்ப்பார். ஒருநாள் சவரம் முடிந்து கிளம்பிய துணிக்கடைக்காரர் ஒருவர் பின்னால் தெருமுனை வரைக்கும் போய்விட்டார். துணிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்து, மிச்சச் சில்லறை கொடுக்க ஓடி வந்தார் என்று நினைத்துக் கையை நீட்டினாராம்.

அடுத்து சவரமே நின்றது. கத்தி மொண்ணை, கை வலி என்று ஏதேதோ சொல்லி முடி மட்டும் வெட்டினார். பிறகு காதோரம் வரும்போது கத்தரிக்கோலும் பயமுறுத்தியது. வீட்டில் காய் நறுக்கும் கத்தியைப் பூட்டி வைக்கச் சொல்லி மனைவியைக் கெஞ்சினார். மகளுடைய நெற்றி முடியை அவர்தான் எப்போதும் வெட்டிவிடுவார். அந்தப் பெண் கண்ணை மறைக்கும் முடியோடு பள்ளிக்குப் போய்வந்தாள். கேட்டால் நாளைக்கு என்பார்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, அவர் மனைவியிடம் கேட்ட கேள்வி. "நான் அப்படிச் செய்யறவனா? நீயே சொல்லு." இல்லை என்பார் மனைவி. இறகின் முகம் தெளியும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. காஜா எடுத்துக் கண் எரிய வீடு திரும்புகிற மனுஷி எத்தனை முறைதான் சொல்வார்? ஆனால் சொன்னார். சொல்லாவிட்டால் இவர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி என்று அப்போது யாருக்குத் தெரியும்.

கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. பிறகு முழுநாளும். இறகு படுத்துவிட்டார். குளிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம்கூட ஆகவில்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

இனி வருவது ஆலோசகர்கள் கூட்டம். ஒரு மனுஷன் கால் உடைந்து படுத்தால் எலும்பை ஒட்டவைக்க நம் ஆட்கள் யாரும் முன்வருவதில்லை. மனசு உடைந்து படுத்தால் மட்டும் தெருவில் போகிறவனெல்லாம் வைத்தியன். நடைப்பயிற்சி போ என்றார் ஒருவர். வயிற்றில் பூச்சி இருக்கும் என்றார் ஒருவர். துணிக்கடைக்காரர், இன்னொரு குழந்தை பெற்றுக்கொண்டால் சரியாகிவிடும் என்று அந்த அம்மாவிடமே சொன்னார். வாங்கிக் கட்டிக்கொண்டு போனார் என்பது தனி.

இவர்கள் எல்லோருக்கும் தலைவர் மச்சான். அதாவது இறகு மனைவியின் அண்ணன். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றுதான். தனக்கு எதுவும் தெரியாது என்கிற விஷயம். சட்டைப்பையில் இரண்டு பேனா. எழுதிப் பார்த்தவர் யாரும் இல்லை. படுத்திருந்த மனுஷன் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எல்லாம் மனப்பிரமை, மனசைத் திடமாக வைத்துக்கொண்டால் பறந்துபோகும், தன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உபதேசம் செய்தார். முத்தாய்ப்பாக, "வேலையில்லாதவன் பூனையைச் சிரைச்சானாம்கிற மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்றார். ஒரு சவரத் தொழிலாளியிடம் எந்தப் பழமொழியைச் சொல்லக்கூடாது என்று தேடிப் பிடித்தது போல. இறகு அதற்கும் தலையாட்டினார்.

மச்சான் அவரை ஒரு மனோசக்திப் பயிற்சியாளரிடம் கூட்டிப்போனார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. மனசு எவ்வளவு தூய்மை என்று காட்ட இத்தனை துணி தேவைப்பட்டது. அவர் இறகின் மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, கெட்ட எண்ணம் வரும்போதெல்லாம் இழுத்துச் சுண்டச் சொன்னார். கூடவே, 'நான் நல்லவன், நான் நல்லவன்' என்று ஓயாமல் சொல்லச் சொன்னார். இறகு சொன்ன பேச்சைத் தட்டாதவர் ஆயிற்றே. மணிக்கட்டு வீங்கியது. நடுவில் வேறு நினைப்பு வந்தால் 'நான் நல்லவன்' செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு புது விதி தானாக முளைத்தது. கழுத்தைத் துடைத்துப் பார்ப்பதற்குப் பதில் இது. முன்பாவது வெந்நீரும் துண்டும் இருந்தால்தான் முடியும். இப்போது படுத்த இடத்திலேயே நடந்தது.

தெருமுனை வைத்தியரும் தன் பங்குக்கு சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். டென்ஷன் என்றார். அந்த வார்த்தை இல்லாவிட்டால் பாதி வைத்தியர்களுக்குத் தொழிலே இருக்காது.

இதற்கு நடுவில் மகள் பள்ளியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். அம்மா வேலையில். அப்பா மட்டும் வீட்டில். கட்டுத்துணியை வெட்டுவதற்கு அவளே கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, "அப்பா, இதைக் கொஞ்சம் வெட்டிக் குடுங்க" என்று நீட்டினாள். அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வெளியே ஓடிவிட்டார். செருப்புகூடப் போடவில்லை. நேராகப் போனது காவல் நிலையத்துக்கு.

தன்னைப் பூட்டி வைக்கச் சொன்னார்.

யாரைக் கொன்றாய் என்று கேட்டார்கள். யாரையும் இல்லை என்றார். யாரையாவது அடித்தாயா? இல்லை. பின்னே? செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றார். அங்கிருந்த ஆய்வாளர், செய்தவனைப் பூட்டவே இடமில்லை, செய்யப்போகிறவனுக்கு எங்கே போவது என்று சொல்லிச் சிரித்தார். ஒரு காவலர், சலூன்காரர்தானே, வந்தது வந்துவிட்டார், நமக்கெல்லாம் முடி வெட்டிவிட்டுப் போகட்டும் என்றார். நிலையமே சிரித்தது. மனுஷன் வெறுங்காலோடு நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். மூலையில் புகார் எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர். அவர் எழுந்து வந்து இறகை பெஞ்சில் உட்காரவைத்து, மனைவியின் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் சொல்லி வரவழைத்தார். அந்த அம்மா அழுதுகொண்டே ஓடி வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எங்க அக்காவும் இப்படித்தான் இருந்தா. பெத்த குழந்தையை அமுக்கிடுவேனோன்னு தொடவே மாட்டா. இது வியாதிம்மா. பெரிய ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. நாளைக்கே போங்க. யார் பேச்சையும் கேக்காதீங்க."

போனார்கள். மச்சானும் கூடப் போனார். அவர் இல்லாமல் ஒரு காரியம் உருப்பட்டுவிடக் கூடாதே.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. குட்டையாக வெட்டிய முடி, சிரிக்காத முகம். அறையில் ஒரு மேஜை, ஓடினால் கடகடக்கும் ஒரு மின்விசிறி. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லையாம். சரியாக என்ன தோன்றுகிறது என்று கேட்டார். இறகு சுற்றி வளைத்தார். வார்த்தையைச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். கழுத்தை அறுத்துவிடுவேன் என்று தோன்றுகிறது என்று வாய்விட்டுச் சொன்னார் இறகு. டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளவில்லை, மணியடித்து ஆளைக் கூப்பிடவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டு எழுதிக்கொண்டார். வானம் இடிந்து விழும் என்று நினைத்துச் சொன்னது வெறும் மருத்துவக் குறிப்பாகிப் போனதில் இறகுக்கே கொஞ்சம் திகைப்பு.

"செய்யணும்னு ஆசையா இருக்கா, செஞ்சிடுவோமோன்னு பயமா இருக்கா?"

"பயம்மா. செத்துடலாம் போல பயம்."

செத்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தது உண்டா என்று டாக்டர் அதே குரலில் கேட்டார். இறகு தலையைக் குனிந்தபடி ஆமாம் என்றார். அவர் மனைவிக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அந்த அம்மா கணவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் கேள்விப்பட்ட ஒரே தருணம் அது.

டாக்டர் விளக்கினார். இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர். எண்ணம் எல்லோருக்கும் வரும். இந்த நோய் இருப்பவருக்கு அது ஆபத்து மணி போலக் கேட்கும். மணியை அடக்கத்தான் துடைத்துப் பார்ப்பது, கேட்பது, மந்திரம் சொல்வது. அடக்க அடக்க மணி பலமாக அடிக்கும். உங்களுக்கு எது அருவருப்போ அதில்தான் வந்து குத்தும், அதனால்தான் சாதுவான ஆளுக்குக் கொலை எண்ணம் என்றார். அதிலேயே அல்லாடி அல்லாடி மனச்சோர்வும் சேர்ந்துவிட்டது. மாத்திரை உண்டு, வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டும், நடுவில் நிறுத்தக்கூடாது. அதோடு பயிற்சியும் உண்டு, அது மாத்திரையைவிடக் கசக்கும்.

மச்சானால் பொறுக்க முடியவில்லை. கட்டுப்பாடு இருந்தால் இதற்கெல்லாம் மருந்து எதற்கு, நினைக்காமல் இருந்தால் போச்சு என்றார்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதேன்னு சொல்வாங்க, கேள்விப்பட்டிருக்கீங்களா? நீங்கதான் கட்டுப்பாடான ஆளாச்சே. அப்படியே உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் குரங்கை நினைக்காதீங்க."

மச்சான் நெஞ்சை நிமிர்த்திக் கண்ணை மூடினார். டாக்டர் இறகிடம் தூக்கம், சாப்பாடு பற்றியெல்லாம் விசாரித்து முடித்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி என்ன ஆயிற்று என்று கேட்டார். மச்சான் வியர்த்துப்போய், விசிறிச் சத்தம்தான் காரணம் என்றார். அடுத்த முறையிலிருந்து அவருக்கு அலுவலகத்தில் வேலை அதிகமாகிவிட்டது.

பயிற்சி வீட்டில் ஆரம்பித்தது. பூட்டிய கத்தியை வெளியே எடுக்க வேண்டும். மனைவி பக்கத்தில் உட்கார, இறகு வெள்ளரிக்காய் நறுக்க வேண்டும். எண்ணம் வந்தால் விரட்டக்கூடாது, மந்திரம் சொல்லக்கூடாது, கையைச் சோதிக்கக்கூடாது. மனைவிக்கும் ஒரு கட்டளை: அந்தக் கேள்விக்கு இனிமேல் இல்லை என்று பதில் சொல்லக்கூடாது. முதல் நாள் இறகு வியர்வையில் நனைந்து, "நான் ஏதாவது செஞ்சிடுவேனா?" என்று கேட்டபோது அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "செஞ்சாலும் செய்வீங்க, செய்யாமலும் இருப்பீங்க. எனக்கென்ன தெரியும்? மெல்லிசா நறுக்குங்க."

அப்படிச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதார் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் மறுநாளும் அதையேதான் சொன்னார். ஆலோசகர்கள் கூட்டம் இதைக் கேள்விப்பட்டு, கட்டின புருஷனிடம் இப்படிப் பேசலாமா என்று அவரைத் தூற்றியது. அவர்கள் தூற்றியதிலிருந்தே வைத்தியம் சரியான வழியில் போகிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

மாத்திரை மெல்ல வேலை செய்தது. முதலில் தூக்கம் வந்தது, பிறகு பசி. ஆனால் கத்தரிக்கோல் வரைக்கும் வந்த கை, சவரக்கத்தியைத் தொட மறுத்தது. டாக்டர் அதை ஆஸ்பத்திரிக்கே எடுத்துவரச் சொன்னார். இறகு துண்டில் சுற்றிக் கொண்டுபோனார். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைத் திருப்பிப்போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"கழுத்துக்குப் பின்னாடி முடி வளர்ந்திருக்கு. எடுத்து விடுங்க."

இறகு தன்னால் முடியாது என்றார். டாக்டர் செய்தித்தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். நடுங்குகிற கையோடு கத்தியை வைக்க முடியாது, காயம் படும் என்றார் இறகு. நடுக்கம் குறையும் வரை கத்தியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள், எனக்கு அவசரம் இல்லை என்றார் டாக்டர். எண்ணம் வந்து கத்தியது. இறகு பதில் பேசவில்லை. நெஞ்சு படபடத்து உச்சிக்குப் போய், அங்கேயே நின்று, பிறகு அவர் எதுவுமே செய்யாமல் தானாகவே இறங்க ஆரம்பித்தது. அது தானாக இறங்கும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. அதுவரைக்கும் ஒருமுறைகூட அதை இறங்க விட்டதில்லையே. கடைசியில் வழித்துவிட்டார். துண்டால் ஒற்றிப் பார்க்கக் கை போனது. "வேண்டாம்" என்றார் டாக்டர், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகுதான் கடை திறந்தது. முதல் வாடிக்கையாளர் யார் என்பதில் ஒரு வேடிக்கை நடந்தது. இறகின் மனைவி அண்ணனைக் கூப்பிட்டு, "எல்லாம் பிரமைன்னுதானே சொன்னே அண்ணா, வந்து உக்காரு" என்றார். மச்சான் கடை வாசல் வரைக்கும் வந்தார். நாற்காலியைப் பார்த்தார். இறகு கையில் இருந்ததைப் பார்த்தார். தன் தோலுக்கு இப்போதெல்லாம் சவரக்கத்தி ஒத்துக்கொள்வதில்லை, டாக்டர் மெஷின்தான் போடச் சொல்லியிருக்கிறார் என்றார். மனசைத் திடமாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய். கழுத்தை மட்டும் அவ்வளவு திடமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு வாசற்படியிலேயே தெரிந்துவிட்டது.

உட்கார்ந்தவர் நீதிமன்ற குமாஸ்தா. இறகு ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்தத் தூக்கம், அந்தக் கழுத்து, அந்த எண்ணம். குமாஸ்தா கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீங்க கடையை மூடின நாள்லேர்ந்து அடுத்த தெருக்காரன் என் தாடையைக் கீறிக்கிட்டு இருக்கான். அவனுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. நுரையைப் போடுங்க." சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

இறகு இப்போது தினமும் கடை திறக்கிறார். முற்றிலும் குணமா என்று கேட்டால், எண்ணம் இன்னும் வரும் என்கிறார். வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவாராம். யாரையும் அலட்சியமாகப் பார்க்கத் தெரியாத அந்த மனுஷன் கடைசியில் ஒன்றையாவது அலட்சியமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டார் என்பதில் எனக்குத் திருப்தி. மச்சானையும் அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும். அது நடக்காது போலிருக்கிறது. மாப்பிள்ளையைத் தான்தான் பெரிய இடத்துக்குக் கூட்டிப்போய்க் குணமாக்கியதாக மச்சான் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறார். இறகு அதையும் கேட்டு "அப்படிங்களா" என்கிறார்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் புதிதாக ஒன்று கிளம்பியது. கடையைப் பூட்டும்போது அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்ப உள்ளே போய்ப் பார்த்தார். வெந்நீர் அடுப்புதான், அணைத்துத்தான் இருந்தது. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குப் பூட்டு திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வைத்தியம் தெரியாது, மூக்குக் கண்ணாடிதான் தெரியும். மூன்றாம் நாள் காலையில் அவரே கடை வாசலில் நின்று, "அண்ணே, அது வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு மத்தியானம் திறக்கறேன்னு வர்றவங்ககிட்டச் சொல்லிடுங்க" என்றார்.

தனியாகத்தான் போனார். செருப்பு போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, பேருந்து பிடித்துப் போனார். வந்தவர்களிடம் நான் சொன்னேன். ஆஸ்பத்திரியா, எதற்கு என்று துணிக்கடைக்காரர் கேட்டார். ஏதாவது ஆலோசனை சொல்ல வாயெடுத்தார். உங்கள் கண்ணுக்குப் பவர் கூடியிருக்கிறது போலத் தெரிகிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்று அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மத்தியானம் வரைக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.